உடைந்த கல்லை ஒட்டலாமா?

ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம் என்கிறது பசை ட்யூப். அம்மியும் உரலும் வேறு கணக்குச் சொல்கின்றன.

விபத்து பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. அரைத்து முடித்து, கழுவி, ஈரக் கையோடு குழவியைத் தூக்கி மூலையில் நிறுத்தும்போது வழுக்குகிறது. சாணம் மெழுகிய தரை இருந்த காலத்தில் தரையில் ஒரு குழி விழுந்திருக்கும், அவ்வளவுதான். இப்போது கீழே இருப்பது வழவழப்பான டைல்ஸ். பெரிதாக ஒரு சத்தம். கால் தப்பியதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். குழவி இரண்டாகக் கிடப்பது பிறகுதான் கண்ணில் படுகிறது. சில வீடுகளில் டைலும் சேர்ந்தே போயிருக்கும்.

எவர்சில்வர் பாத்திரம் நசுங்கினால் யாரும் துக்கம் கொண்டாடுவதில்லை. கல் அப்படியல்ல. அது பாட்டி கொடுத்தது, அல்லது கல்யாணத்தில் மிதித்தது. வேலை மாற்றலில் கரக்பூர், ஜபல்பூர், டெல்லி என்று லாரியில் ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் 'இந்தப் பாரம் அவசியமா?' என்ற கேள்வியைத் தாண்டி வந்தது. 1960களில் இந்தியச் சமையலறைக்குள் மிக்ஸி நுழைந்த பிறகும், துவையலுக்கும் கடுகு விழுதுக்கும் என்று தன் இடத்தை விடாமல் வைத்திருந்தது. எனவே அதைக் குப்பையில் போட மனம் வராது. வீட்டில் கைவேலை தெரிந்த ஒருவர் மேசை இழுப்பறையைத் திறந்து பசையைத் தேடுகிறார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது. ஒட்டுமா ஒட்டாதா என்பது பெரிய கேள்வியே இல்லை. இரண்டு ட்யூப்களில் வரும் எபாக்ஸி பசை (பலருக்கு இதன் பெயரே அரால்டைட்தான்) கல்லை நன்றாகவே ஒட்டும். ஒட்டியபின் அந்தக் கல்லில் எதை அரைக்கப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அரைக்கும் கல் தேய்ந்துகொண்டே வேலை செய்யும் கருவி. பத்து வருடம் பழகிய அம்மியின் நடுவில் கையால் தடவிப் பார்த்தால் பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்திலிருந்த கல் எங்கே போயிற்று? கொஞ்சம் கொத்தும்போது தெறித்தது. மிச்சம் சட்னியோடு வயிற்றுக்குள் போயிற்று. கல் பொடி கண்ணுக்குத் தெரியாத அளவில் போவதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அரைக்கும் முகத்தில் ஒரு பசைக் கோடு ஓடினால், கல்லோடு சேர்ந்து அதுவும் தேயும், அதுவும் உள்ளே போகும். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் கத்தி எஃகைவிடக் கடினமானது. அதன் நடுவில் பிளாஸ்டிக் போன்ற பசை எத்தனை நாள் நிற்கும்?

வழக்கமான எபாக்ஸி ரெஸின், பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருளிலிருந்து தயாராவது. உணவைத் தொடும் பொருட்களில் இதைத் தடை செய்யும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் கொண்டுவந்தது. முழுமையாக இறுகிய எபாக்ஸியில் கசியக்கூடியது மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ரெஸினும் ஹார்டனரும் சரியான அளவில், சரியாகக் கலந்திருக்க வேண்டும். பழைய தபால் அட்டையின் மேல் தீக்குச்சியால் கலப்பவருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கடையில் கிடைக்கும் சாதாரணப் பசைகள் சாப்பாட்டைத் தொடுவதற்கென்று தயாரிக்கப்படுபவையும் அல்ல.

சட்டென்று ஒட்டும் ஃபெவிக்விக் வகையறா இன்னும் மோசம். இறுகினால் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை, இடித்தால் தாங்காது, ஈரத்திலேயே இருந்தால் பிடி தளரும். சிமென்ட் பூசிப் பார்ப்பவர்களும் உண்டு. புளியும் எலுமிச்சையும் அதை அரித்துவிடும். அடுத்த வாரம் சட்னியில் மணல் கடிபடும்.

இனி உடைந்த இடத்தைப் பார்க்கலாம். எங்கே உடைந்தது என்பதை வைத்துத்தான் வைத்தியம்.

கல்லுக்கு நசுக்குவதைத் தாங்கும் வலிமை அபாரம். இழுப்பதைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். குழவி ஒரு முனை மோதி விழும்போது வளைய முயல்கிறது. ஒரு பக்கம் நெரிகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. இழுபடும் பக்கத்தில்தான் வாய் பிளக்கும். இரண்டாக உடைந்த குழவியை ஒட்டி மறுபடி அரைத்தால், ஒவ்வொரு தள்ளலிலும் அதே இடம் வளையும். அது ஒருநாள் அரைக்கும்போதே கழன்று விரலை நசுக்கலாம். அம்மிப் பலகை நடுவில் இரண்டாகப் போனாலும் இதே கதைதான். கொத்திக் கொத்தி மெலிந்த இடம் அது.

விளிம்பு மட்டும் சில்லு தெறித்திருந்தால் கவலையே வேண்டாம். அதை ஒட்டத் தேவையில்லை. இரும்புக் கடையில் கிடைக்கும் சாணைக்கல்லால், தண்ணீர் விட்டுக்கொண்டே, கூர் மழுங்கும்வரை தேய்த்தால் போதும். தண்ணீர் விடுவது கட்டாயம். உலர்ந்த கல்லைத் தேய்த்தால் பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கிறது. ராஜஸ்தானின் கல் சுரங்கங்களிலும் பட்டறைகளிலும் தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்றது இதே தூள்தான்; அந்த மாநில அரசு 2019-ல் சிலிகோசிஸ் நோயாளிகளுக்கென்று தனிக் கொள்கையே வகுக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒருநாள் தேய்ப்பதால் அந்த நோய் வந்துவிடாது. ஆனாலும் சமையலறைக்குள் உட்கார்ந்து உலர்வாகத் தேய்க்கவோ, மின்சார கிரைண்டிங் மெஷினை வைத்து அறுக்கவோ கூடாது.

கண்ணுக்குத் தெரியாத விரிசல்தான் ஏமாற்றுவது. இதற்கு இரண்டு பழைய சோதனைகள் உண்டு. கல்லை மரப்பலகை மேல் வைத்தோ கயிற்றில் தொங்கவிட்டோ கரண்டிக் காம்பால் தட்டினால், முழுக் கல் கணீர் என்று பதில் சொல்லும். விரிசல் விட்டது சொத்தென்று ஒலிக்கும். இரண்டாவது, நன்றாக வெயிலில் காய்ந்த கல்லை நனைத்துத் துணியால் துடைப்பது. மேற்பரப்பு உலர்ந்த பிறகும் விரிசல் மட்டும் கறுப்புக் கோடாக நிற்கும். அந்தக் கோடு உரலின் உட்குழியில் இருந்தால் அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டியதுதான். பசையால் மூடினாலும் உள்ளே ஊறிய ஈரமும் மிளகாயும் அங்கேயே நாறும்.

பசைக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. உரலின் அடிப்பாகம், வெளிப்புறக் கைப்பிடி, அம்மியின் அடிப்பக்க மூலை என உணவு தொடாத, அரைக்கும் விசை நேராக விழாத இடங்களில் எபாக்ஸி நன்றாகவே உதவும். ஆனால் வருடக்கணக்கில் தேங்காயும் எண்ணெய்க்கடுகும் அரைத்த கல்லின் துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கும். அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. சலவை சோடா கரைத்த வெந்நீரில் பலமுறை தேய்த்துக் கழுவி, நான்கைந்து நாளாவது வெயிலில் காயவிட வேண்டும். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். உடைந்த முகங்களைத் தேய்த்துச் சமமாக்கக் கூடாது. அந்தச் சொரசொரப்புதான் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும். முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்துவிட்டு, மெல்லிய பூச்சாகப் பூசி, பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி இறுக்கிச் சுற்றினால் அதைவிட நல்ல 'கிளாம்ப்' கிடையாது. நிற்காத கல்லை ஒரு வாளி மணலில் புதைத்து நிறுத்தலாம். வழிந்த பசையை அது கல்லாவதற்குள் பிளேடால் சுரண்டிவிட வேண்டும். ஒருநாள் முழுக்கத் தொடக்கூடாது. பிறகு வெந்நீர் ஊற்றக் கூடாது. சூட்டில் இந்தப் பசை இளகும்.

கல்லின் சாதியையும் கவனிக்க வேண்டும். தென்னிந்திய கிரானைட், தக்காணத்துக் கறுப்பு பசால்ட் இரண்டும் இறுக்கமானவை. வடக்கே புழங்கும் சிவப்பு மணற்கல் 'சில்'கள் தண்ணீரைக் குடிக்கும். காய அதிக நாள் ஆகும். பளிங்கு உரல் அழகுதான், ஆனால் எலுமிச்சை பட்ட இடமெல்லாம் மினுமினுப்பு போய்ப் புண்ணாகிவிடும். மாக்கல் சட்டி நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவு மிருதுவானது. அடுப்பில் ஏறும் பாத்திரம் என்பதால் அதற்குப் பசை வைத்தியம் அறவே ஆகாது.

கருவி ஒன்றுதான், பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழிலும் மலையாளத்திலும் அம்மி, தெலுங்கில் சன்னிக்கல்லு, மராத்தியில் பாட்டா-வரவண்டா, இந்தியில் சில்-பட்டா, வங்காளத்தில் ஷில்-நோடா. எங்கும் அது வெறும் சமையல் சாமானாக இருந்ததில்லை. தமிழ்க் கல்யாணத்தில் மணமகள் அம்மி மிதிக்கிறாள். மகாராஷ்டிரத்தில் பெயர் சூட்டும் நாளில் குழந்தைக்கு முன்பாக வரவண்டாவைத் துணி சுற்றித் தொட்டிலுக்குக் கொண்டுவருகிறார்கள். வங்காளத்தில் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் சீதள சஷ்டி. அன்று அடுப்பு மூட்டாமல் முதல்நாள் சமைத்ததைக் குளிரச் சாப்பிடுவார்கள். ஷிலும் நோடாவும் மஞ்சள் துணி போர்த்தி, பூஜையும் வாங்கிக்கொண்டு, ஓய்வெடுக்கும். வருடத்தில் ஒருநாள் அம்மிக்கு லீவு கொடுத்த ஊர் வேறெது?

இத்தனை மரியாதை கல்லுக்குக் கிடைத்தது. அதைப் பழுது பார்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. ரஸ்ஸலும் ஹிராலாலும் 1916-ல் வெளியிட்ட மத்திய மாகாணச் சாதிகள் பற்றிய நூலில், திரிகைக் கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்குவதையே பெயராகக் கொண்ட 'டாகன்கர்' பிரிவு இடம்பெறுகிறது. இவர்களுக்கு டகாரி என்றும் பெயர். கல்லோடு தொடர்புடைய டகாரிகளையும் வடார்களையும் மகாராஷ்டிரத்தின் விமுக்த ஜாதிப் பட்டியலில் பார்க்கலாம். 1952-ல் ரத்தான குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்தவர்களுக்கான பட்டியல் அது. பகலில் வாசலில் உட்கார்ந்து வீட்டுக் கல்லைச் சீராக்கியவர்களின் இனத்தையே அரசு சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தது.

கொல்கத்தாவின் பழைய சந்துகளில் பிற்பகல் நேரத்துக் குரல் 'ஷில் காட்டாவ்'. நம் ஊர்த் தெருக்களில் அது 'அம்மி கொத்தலையோ'. இரண்டும் இப்போது அபூர்வம். உளியும் சுத்தியும் வைத்துக்கொண்டு, மீனும் பூவும் வரிகளுமாகக் கொத்தித் தருவார் அவர். அழுக்கும் எண்ணெயும் ஏறி வழுக்கத் தொடங்கிய கல்லுக்கு அதுதான் பழுது பார்ப்பு. விளிம்பு தெறித்தாலும், குழவியின் முனை உடைந்தாலும், பெரிய துண்டைச் சீராக்கிச் சின்னக் குழவியாக்குவதும் அவர் கைவேலைதான். பசை தேடுவதற்கு முன் விசாரிக்க வேண்டிய ஆள் அவரே. தெருவில் வராவிட்டாலும், வாரச்சந்தையில் கல் சாமான் விற்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் ஆள் கிடைக்கும். கொத்தும்போது குழந்தைகளைத் தள்ளி நிறுத்தி, கல்லை நனைத்துக்கொள்ளச் சொல்வது அவருக்கும் நல்லது.

குழவி மட்டும் உடைந்தால் குழவியை மட்டும் மாற்றலாம். கடைக்குப் போகும்போது பலகையின் அகலத்தை ஒரு நூலில் அளந்து எடுத்துப் போவது நல்லது. நடுவில் பள்ளம் விழுந்த பலகைக்கு நேரான புதுக் குழவி ஓரங்களில் மட்டும் படும், நடுவில் அரையாது. லேசாக வயிறு உப்பிய குழவி தேவைப்படும். வீட்டுக்கு வந்ததும் கழுவி, ஊறிய அரிசியும் கல்லுப்பும் போட்டு அரைத்துக் கொட்ட வேண்டும். முதல் மாவு சாம்பல் நிறத்தில் வரும். மூன்றாவது, நான்காவது முறையில் வெளுக்கும். விரலில் எடுத்துத் தேய்த்து நறநறப்பு இல்லையென்றான பிறகு ஒரு மூடித் தேங்காயும் இரண்டு பச்சை மிளகாயும் வைக்கலாம்.