ஆக்டேவ் மேண்டலினில் ஃபிங்கர்பிக்கிங்: ஒரு விரல், ரெண்டு தந்தி

கிட்டார் ஃபிங்கர்பிக்கிங் எபிசோடுக்குப் பிறகு ஒரு நேயர் எழுதியிருந்தார்: "ஆக்டேவ் மேண்டலின் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. கிட்டார்ல சரளமா வர்ற பேட்டர்ன் எதுவும் இதுல சரியா வரல. சில நேரம் சத்தமே இல்ல, சில நேரம் தந்தி கரகரங்குது. வித்துடலாமா?"

விற்க வேண்டாம். கருவியும் சரி, கையும் சரி. அந்த பேட்டர்ன்தான் வேற கருவிக்காக எழுதப்பட்டது. ஒரு பிளாட்ஃபார்முக்கு எழுதின கோடை இன்னொன்றில் அப்படியே ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கேயும் நடக்குது.

முதலில் கருவி. மேண்டலின் என்றதும் நமக்கு யு. ஸ்ரீநிவாஸ்தான் ஞாபகம் வருவார். அவர் வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மேண்டலின். நாம பேசுறது எட்டுத் தந்தி, அதாவது நாலு ஜோடி. சாதாரண மேண்டலினை விட ஒரு ஸ்தாயி கீழே: ஜி, டி, ஏ, இ. எண்ணாகச் சொன்னால் சுமார் 98, 147, 220, 330 ஹெர்ட்ஸ். தந்தியின் நீளம் பெரும்பாலும் 20 முதல் 23 அங்குலம். மேண்டலினில் அது 14 அங்குலத்துக்குப் பக்கம்தான்.

சிக்கலின் வேர் அந்த ஜோடித் தந்திதான். கிட்டாரில் விரல் ஒரு கொக்கி மாதிரி தந்தியை மேலே இழுத்து, உள்ளங்கைப் பக்கம் போகும். அதே அசைவை ஜோடியில் செய்தால் விரல் முதல் தந்தியை மட்டும் இழுத்துட்டு, அடுத்ததைத் தொடாமலே போயிடும். இல்லைன்னா ரெண்டையும் ஒன்றோடொன்று மோதவிடும். நேயர் சொன்ன கரகரப்பு அந்த மோதல்தான். நகம் நீளமா இருந்தா இன்னும் மோசம். ரெண்டு தந்திக்கும் நடுவில் போய் மாட்டிக்கும்.

இதற்குத் தீர்வு ஐரோப்பிய லூட்காரங்க கிட்ட ரொம்ப நாளாவே இருக்கு. லூட்டும் ஜோடித் தந்திக் கருவிதான். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவங்க பிளெக்ட்ரத்தை விட்டு விரலுக்கு மாறினாங்க. விரல் நுனியின் சதையை ஜோடியின் மேல் முழுசா வைக்கணும். ரெண்டு தந்தியும் விரலில் படுதான்னு உணரணும். பிறகு பலகையை நோக்கி லேசா அழுத்தி, அங்கிருந்து நழுவவிடணும். இழுக்கிறது இல்லை, அழுத்தி விடறது. ரெண்டு தந்தியும் பலகையை நோக்கி ஒரே திசையில் தள்ளப்படுறதால ஒன்றோடொன்று மோதாது. நகத்தை ஒட்ட வெட்டிடுங்க. கிளாசிக்கல் கிட்டார் வாசிக்கிறவங்களுக்கு இது கசக்கும், தெரியும்.

ரெண்டு தந்தியும் ஒலிச்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? காதுக்கு ஒரு டெஸ்ட் கேஸ் இருக்கு. ஏ ஜோடியில் ஒரு தந்தியை மட்டும் ஒரு சிட்டிகை ஏத்தி வைங்க. ஒன்று 220 ஹெர்ட்ஸ், மற்றது 221 என்றால், ரெண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது வினாடிக்கு ஒரு முறை சத்தம் ஏறி இறங்கும். இப்போ ஆள்காட்டி விரலால் மீட்டுங்க. அந்த அலை கேட்டால் ரெண்டும் பட்டிருக்கு. ஸ்வரம் ஆடாமல் நேரா நின்றால் ஒன்றுதான் பட்டிருக்கு. பத்து முறை மீட்டி எத்தனை முறை அலை வந்ததுன்னு எண்ணுங்க. பத்துக்கு ஒன்பது வரும் வரைக்கும் எந்த பேட்டர்னும் வேண்டாம். அப்புறம் மறக்காம திரும்ப ட்யூன் பண்ணிடுங்க, வீட்ல இருக்கவங்க பாவம்.

ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு தந்தியைக் கழற்றிடலாம்னும் சிலர் சொல்வாங்க. அந்த ஒலி பிடிச்சா தாராளமா செய்யலாம். ஆனா ஜோடித் தந்தியின் அந்த மினுமினுப்புக்காகத்தானே பலரும் இதை வாங்குறோம்.

அடுத்து கட்டைவிரல். கிட்டாரில் ஃபிங்கர்பிக்கிங் என்றால் கட்டைவிரல் மூணு பேஸ் தந்தியில் மாறி மாறி நடக்கும், கார்டின் மூல ஸ்வரம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். இங்கே கட்டைவிரலுக்கு ஜி, டி ரெண்டு ஜோடிதான். ஆள்காட்டிக்கு ஏ, நடுவிரலுக்கு இ. மோதிர விரலுக்கு வேலையே இல்லை.

ஃப்ரெட் எண்களை ஜி, டி, ஏ, இ வரிசையில் சொல்றேன். ஜி மேஜர் 0-0-2-3: மூல ஸ்வரம் அடியிலேயே இருக்கு, பிரச்சினை இல்லை. டி மேஜர் 2-0-0-2: இதில் மூலம் டி ஜோடியில் இருக்கிறதால கட்டைவிரல் அங்கிருந்து தொடங்கணும். சி மேஜர்தான் வில்லன். வழக்கமான 0-2-3-0 வடிவத்தில் கட்டைவிரலுக்குக் கிடைப்பது ஜியும் இ-யும் மட்டும். சி ஸ்வரம் ஆள்காட்டி விரல்கிட்ட இருக்கு. கிட்டார் பேட்டர்னை அப்படியே போட்டால் பாட்டு தரையில் நிற்காது. 5-2-3-0 பிடித்தால் அடியில் சி கிடைக்கும். ஆனா 22 அங்குலக் கருவியில் 2ஆம் ஃப்ரெட்டிலிருந்து 5ஆம் ஃப்ரெட்டுக்கு 3 அங்குலத்துக்கு மேல். அதனால ஆரம்பத்தில் ஜி, டி சுருதிப் பாட்டுகளை எடுங்க. கீழ்த் தந்திகளைத் தம்புரா மாதிரி திறந்து ஒலிக்கவிட்டு, மெட்டை மேல் ரெண்டு ஜோடியில் வாசிங்க. இந்தக் கருவிக்கு அதுதான் இயல்பா வருது, கேட்கவும் அதுதான் அழகு.

இதே காரணத்தால் மேண்டலின் புத்தகத்தில் வரும் 7-5-2-3 என்ற ஜி கார்டு பக்கம் போகாதீங்க. 2லிருந்து 7ஆம் ஃப்ரெட் வரை மேண்டலினில் சுமார் 3 அங்குலம். இதில் கிட்டத்தட்ட 5.

முதல் பயிற்சி: ஜி கார்டைப் பிடிச்சுக்கிட்டு கட்டைவிரல் ஜி, ஆள்காட்டி ஏ, கட்டைவிரல் டி, நடுவிரல் இ. மெட்ரோனோம் 60, ஒரு அடிக்கு ஒரு மீட்டு. அவ்வளவுதான். மந்தமாத்தான் இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாரா இருங்க. நம்மில் பலர் நாள் முழுக்க கீபோர்டில் தட்டிட்டு வர்றோம். அதே மணிக்கட்டுதான் இங்கேயும் உழைக்குது, அதுவும் ஒரே நேரத்தில் ரெண்டு உலோகத் தந்திகளுக்கு எதிரா. 15 நிமிஷம் வாசிச்சா கையைக் கீழே போடுங்க. கட்டைவிரல் அடியில் வலிச்சா அன்னைக்கு நிறுத்திடுங்க. வலி நாள்கணக்கில் நீடிச்சா டாக்டர்கிட்ட காட்டுங்க. மெல்லிய தந்தி மாத்தினா சரியாயிடும்னு தள்ளிப்போடாதீங்க.

எழுதின நேயருக்கு: அந்த அலை டெஸ்ட்டை ஒரு வாரம் செய்து, பத்துக்கு எத்தனை வந்ததுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் அதிலிருந்தே தொடங்கலாம்.