முதுகில் மயக்க ஊசி: ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை எப்போது நிறுத்துவது?

இதயத்தில் ஸ்டென்ட் அல்லது செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள் மூட்டு மாற்று, குடலிறக்கம் போன்ற அறுவை சிகிச்சைக்குச் செல்லும்போது, நாள்தோறும் உட்கொள்ளும் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி எழுகிறது. உடலின் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்ய முதுகில் ஸ்பைனல் அல்லது எபிடியூரல் ஊசி செலுத்தப்படுமானால், கடைசி மாத்திரையை விழுங்கிய நேரம் மிக முக்கியமாகிறது.

ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை என்று பேச்சுவழக்கில் கூறப்பட்டாலும், இவை ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை, உறைவதையே தாமதப்படுத்துகின்றன. கையில் ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடித்து நிறுத்தலாம். எலும்பு சூழ்ந்த முதுகுத் தண்டுவடப் பகுதியில் அதற்கு வழியில்லை. அங்கு தேங்கும் ரத்தம் நரம்புகளை அழுத்தினால் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். இது மிக அரிதாகவே நிகழ்கிறது.

காத்திருக்க வேண்டிய காலம் மருந்துக்கு மருந்து மாறுபடும். வார்ஃபரின் பொதுவாக 5 நாள்களுக்கு முன்பு நிறுத்தப்பட்டு, ஐ.என்.ஆர். பரிசோதனையில் அளவு இயல்புக்குத் திரும்பியது உறுதி செய்யப்படும். குளோபிடோக்ரலுக்கு 5 முதல் 7 நாள்கள். முழு அளவு அபிக்ஸபான், ரிவரோக்ஸபானுக்கு 72 மணி நேரம். ஈனாக்ஸபாரின் ஊசிக்குக் குறைந்த அளவெனில் 12 மணி நேரம், சிகிச்சை அளவெனில் 24 மணி நேரம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இந்த இடைவெளி நீளலாம். ஆஸ்பிரின் மட்டும் உட்கொள்பவருக்கு முதுகு ஊசி பெரும்பாலும் தடையில்லை.

இந்தியாவில் இங்குதான் குழப்பம் நேர்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் மருந்து மூன்றும் ஒரே கேப்சூலில் விற்பனையாகின்றன. "கொழுப்பு மாத்திரை" என்று மட்டும் நோயாளி கூறினால் குளோபிடோக்ரல் மறைந்துவிடும். மாத்திரை அட்டையையே கொண்டுசென்று காட்டுவது பாதுகாப்பானது.

தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்தே. அண்மையில் பொருத்திய ஸ்டென்ட்டிலோ செயற்கை வால்விலோ ரத்தம் உறைந்து மாரடைப்பு, பக்கவாதம் ஏற்படலாம். எனவே இதய மருத்துவர், அறுவை சிகிச்சை நிபுணர், மயக்கவியல் நிபுணர் ஆகியோர் கலந்தே நாளை முடிவு செய்கின்றனர். காத்திருக்க இயலாத அவசர நிலையில் முழு மயக்கம் தேர்வு செய்யப்படலாம்.

எபிடியூரல் குழாயை அகற்றும் நேரமும் ஊசி செலுத்தும் நேரத்துக்கு இணையாகக் கவனத்துக்குரியது. ஈனாக்ஸபாரின் பெறுவோருக்கு இதற்கான கால இடைவெளி குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. மரத்த நிலை நீங்கிய பின் கால்கள் மீண்டும் வலுவிழந்தாலோ, கடும் முதுகுவலி, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் தோன்றினாலோ உடனடியாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்படும். ரத்தக்கட்டு உறுதியானால், அறிகுறி தோன்றிய 8 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யப்படுவோருக்கு நரம்புகள் மீளும் வாய்ப்பு அதிகம்.