காலித் தோட்டாவை எத்தனை முறை நிரப்பலாம்? ஒகேனக்கல் காட்டோரம் தெரிந்துகொள்ள வேண்டியது

ஒகேனக்கல், பென்னாகரம் பக்கம் ராகியோ நிலக்கடலையோ போட்டவர்களுக்கு விளைச்சல் நேரத்தில் ராத்தூக்கம் கிடையாது. ஒரே இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் கொல்லையைக் கிளறிப் போட்டுவிடும். "தாத்தா காலத்துத் துப்பாக்கி இருக்கு, வெடிச்ச தோட்டாக் கூடும் கிடக்குது. மருந்தை அடைச்சா ஆகாதா?" என்ற யோசனை வருவது இயல்பு.

ஆகுமா? கூட்டைப் பொறுத்தவரை, ஆகும். அமெரிக்காவில் தட்டு சுடும் விளையாட்டுக்காரர்கள் வீட்டிலேயே செய்கிறார்கள். நல்ல பிளாஸ்டிக் கூடு பொதுவாக 5 முதல் 10 முறை தாங்கும். மலிவானது இரண்டு, மூன்று முறையிலேயே போய்விடும். பழைய காகிதக் கூடும் அப்படித்தான். மழைக்காலத்தில் ஊறிப்போனால் குழலுக்குள்ளேயே நுழையாது. முழுப் பித்தளைக் கூடு பல பத்து முறை வரும்.

ஏன் இந்த வித்தியாசம்? சுடும்போது கூடு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வெடிப்புக் காற்று பின்னால் வராமல் அடைப்பது அதுதான். பிறகு சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் வாய் மடிப்பு விறைத்து விரிசல் விடும். அடியில் பிரைமர் உட்காரும் குழி தளரும். மோசமானது உள்ளே அடிப்பாகத்தில் இருக்கும் தக்கை. அது கழன்று குழலில் மாட்டிக்கொண்டால், அடுத்த முறை சுடும்போது குழலே பிளந்துவிடும். போவது கையும் கண்ணும். இத்தனைக்கும் அந்த 5, 10 கணக்கு அளந்த மருந்து, பொருத்தமான தக்கை, சரியான கருவி எல்லாம் இருப்பவர்களுக்கு. பட்டாசு மருந்தைக் கண் மதிப்பில் அடைப்பவருக்கு முதல் தடவையே கடைசித் தடவையாகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா தயாரிப்பதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் இருப்பதும் தோட்டா தயாரிக்க உரிமம் இருப்பதும் ஒன்றல்ல; பலர் குழம்புவது இங்கேதான். உரிமக்காரர் தோட்டாவை உரிமம் பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும். புனே அருகே கட்கியில் உள்ள அரசுத் தொழிற்சாலையே 12 போர் தோட்டா தயாரிக்கிறது.

சொல்லப்போனால், இந்தக் காடுகளில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிகள் பலவற்றுக்குத் தோட்டாவே கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்து, தக்கை, பால்ரஸ் என்று வரிசையாகக் குத்தி அடைக்கும் வகை அவை. கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட வேட்டை நூலில் வரும் பைரா என்ற பூசாரி வைத்திருந்ததும் இதே குடும்பம்தான். உரிமமில்லாமல் அதை வீட்டில் வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. அதனால்தான் காவல் துறையும் வனத் துறையும் அவ்வப்போது "தாமாகவே ஒப்படைத்துவிடுங்கள்" என்று காட்டோரக் கிராமங்களில் கேட்கின்றன.

அப்போ பன்றிக்கு என்ன வழி?

2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் மட்டும் சுடலாம், அதுவும் வனத் துறையினர்தான். காட்டையே வேலியாகக் கொண்ட ஊட்டமலை போன்ற ஊர்களுக்கு இதில் கிடைக்கும் ஆறுதல் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். பயிர்ச் சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு மனு கொடுக்கலாம்.

காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயப் பகுதியிலோ, ஆற்றோரத்திலோ காலித் தோட்டா கிடந்தால் கையில் எடுக்காமல் வனத் துறைக்குச் சொல்லுங்கள். எந்தத் துப்பாக்கியில் வெடித்தது என்று தடயவியல் நிபுணர்கள் அதன் அடிப்பாகத்தில் உள்ள ஊசித் தடத்தை வைத்து ஒப்பிடுவார்கள். மறுபடி நிரப்பியதாக இருந்தால் பிரைமர் புதிதாக இருக்கும். ஆனால் முன்பு சுட்டபோது பித்தளை விளிம்பில் விழுந்த கீறல்கள் அப்படியே இருக்கும்.