ஒழுங்கையில் ஓணான், கண்ணாடிக்குள் பாலைவனம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் எழுபதுகள் வரைக்கும் மதில் சூழ்ந்த வீடுகள்தான் அதிகம். மதிலுக்குள்ளே ஒரு முருங்கையோ பலாவோ நிற்கும். அதில் ஓணான் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். பாடசாலை விட்டு வந்த பையன்களுக்கு அது போதும். தென்னோலையிலிருந்து ஈர்க்கு உரித்து, நுனியில் சுருக்குப் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அதன் கழுத்துக்கு நேரே நீட்டுவார்கள். அகப்பட்ட ஓணானுக்கு நல்ல முடிவு வாய்த்ததில்லை. அணில் இராமருக்கு உதவியது, ஓணான் உபத்திரவம் செய்தது என்று வீட்டில் கேட்ட கதை அந்தக் கொடுமைக்கு நியாயமாக இருந்தது. பெரியவர்களும் தடுக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் வீடுகள் இன்னும் நெருக்கம். அங்கே வீட்டில் வளர்ப்பது என்றால் கூட்டில் கிளி, ஹோர்லிக்ஸ் போத்தலில் கப்பி மீன், கிணறு உள்ள வீட்டில் ஆமை. நாம் சாப்பிட்டதில் ஒரு பங்கு அவற்றுக்கும் கிடைக்கும். கிளிக்குச் சோறு, ஆமைக்குக் கீரைத்தண்டு. நோய் வந்து செத்தால் அதன் ஆயுசு அவ்வளவுதான் என்று முடித்துவிடுவார்கள். அன்புக்குக் குறைவில்லை. அந்தப் பிராணிக்கு என்ன வேண்டும் என்று அதன் பக்கத்திலிருந்து யோசிக்கும் பழக்கம்தான் இருக்கவில்லை. பல்லியையோ ஓணானையோ வளர்ப்பது என்ற எண்ணமே யாருக்கும் எழாது. பல்லி சொன்னால் பலன் பார்ப்போம், அது விழுந்தால் தலை முழுகுவோம், அத்தோடு சரி.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பையன்களில் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். இன்று கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டனின் ஹரோவிலும் அவர்களுடைய பிள்ளைகளின் அறைகளில் கண்ணாடித் தொட்டிக்குள் பல்லி இருக்கிறது. என் தம்பியின் மகள் வளர்ப்பது சிறுத்தைப் பல்லி. கடைகளில் லெப்பர்ட் கெக்கோ என்பார்கள். மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி, தடித்த வால். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஆகிய வறண்ட நிலங்களே அதன் ஊர். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் நூதனசாலையைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத்தான் 1854இல் அதை விவரித்து அறிவியற்பெயர் கொடுத்தவர். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு இமை உண்டு; கண்ணை மூடித் தூங்கும். விரலில் ஒட்டும் திண்டு இல்லாததால் சுவரில் ஏறாது. தரையில் நடந்து திரியும் பல்லி.

அது வீட்டுக்கு வந்த அன்று நான் தொலைபேசியில் அவளை வாழ்த்தினேன். கையில் எடுத்துக் காட்டச் சொன்னேன். “இல்லைப் பெரியப்பா, முதல் ரெண்டு கிழமையும் அதைத் தொடவே கூடாது” என்றாள். “அது பயந்துபோய் இருக்குது. எங்கட வீடு அதுக்குப் பழக வேணும். நான் தூரத்தில இருந்துதான் பாக்கிறன்.” அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு பிராணியைப் பார்த்து நாங்கள் அந்த வயதில் இப்படி ஒரு வசனம் சொன்னதில்லை.

புதிதாக வந்த பல்லியைக் குடியமர்த்துவது எப்படி என்று அவளிடமிருந்தே படித்தேன். அது வருவதற்கு முன்பே தொட்டி ஆயத்தமாக இருக்க வேண்டும். வந்தபின் சாமான் தேடி ஓடக்கூடாது. தொட்டியின் ஒரு முனை சூடு, மறுமுனை தணிவு. சூடான பக்கத்து ஒளிவிடத்தின் தரை 32 பாகை செல்சியஸ் அளவில், மறுபக்கம் 25 அளவில். பாம்பும் பல்லியும் தம் உடம்பின் சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை. இரை செமிக்க வேண்டுமானால் சூட்டுக்குப் போகும், போதுமென்றால் திரும்பி வரும். அந்தப் போக்குவரத்துக்கு இடம் விடாமல் தொட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைத்தால் அது தவித்துப்போகும். சூடாக்கிக்கு தெர்மோஸ்டாட் பூட்டாவிட்டால் வயிறு வெந்துவிடும். இரண்டு முனையிலும் ஒளிவிடம், நடுவில் ஈரப் பாசி வைத்த மூன்றாவது பெட்டி. தோல் உரிக்கும் நாட்களில் அது அந்த ஈரத்துக்குள் போய்ப் படுக்கும், உரித்த தோலைத் தானே தின்றும்விடும். ஈரம் போதாமல் தோல் விரல்களைச் சுற்றி இறுகினால் இரத்தம் ஓடாமல் விரலே உதிரும்.

முதல் நாட்களில் தரைக்கு வெறும் டிசு கடதாசிதான் விரிக்க வேண்டும். எச்சம் தெளிவாகத் தெரியும். புழு நோய் உண்டா என்று மிருக வைத்தியருக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். சில நாட்கள் சாப்பிடாமல் கிடக்கும். அதற்காகப் பதறத் தேவையில்லை, வால் தடிப்பாக இருக்கும்வரை உள்ளே கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது. வால் மெலிந்தால்தான் கவலை. சமையலறைத் தராசில் கிழமைக்கு ஒரு தடவை நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இரை, உயிருள்ள பூச்சி: சுவர்க்கோழி, மாவுப்புழு. அவற்றின் மேல் கால்சியத் தூள் தடவிக் கொடுக்க வேண்டும். பூச்சியில் கால்சியம் குறைவு, பொஸ்பரஸ் அதிகம். தூள் இல்லாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பு மெலிந்து கால் வளையும், தாடை மென்மையாகும். பழகும் காலம் வந்தபின்னும் கையை மேலிருந்து இறக்கக் கூடாது. மேலிருந்து வருவது பருந்து. முன்னாலிருந்து, தரையோடு, மெதுவாக நீட்ட வேண்டும். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், ஊர்வனவற்றின் உடலில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

இந்த அறிவு பழையதல்ல. ஊர்வனவற்றுக்கென்றே புற ஊதா பி கதிர் தரும் குழாய் விளக்குகள் கடைகளில் பரவியது 1990களில்தான். அதற்கு முன் உலகின் எத்தனையோ கூண்டுகளில் அந்தக் கதிர் இல்லாமல் அவை எலும்பு வளைந்து செத்தன. சிறுத்தைப் பல்லி இருட்டில் திரிவது, அதற்கு வெயில் வேண்டாம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அந்தி வெளிச்சத்தில் அது பெறும் சிறிய அளவுக் கதிரும் உதவுகிறது என்பது அண்மைய தெளிவு. பாலைவனப் பிராணி என்று சொல்லி நைஸ் மணலைப் பைகளில் விற்றார்கள். அதன் ஊரில் கிடப்பதோ பெரும்பாலும் இறுகிய மண்ணும் பாறையும். மணலை இரையோடு விழுங்கிக் குடல் அடைபட்ட பல்லிகள் ஏராளம்.

தெஹிவளை மிருகக்காட்சிசாலை வெள்ளவத்தைக்கு அடுத்த வாசலில் இருக்கிறது. ஜேர்மன் மிருக வியாபாரி ஜோன் ஹாகன்பெக் சேர்த்த மிருகங்களோடு அது தொடங்கியது, 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. எங்கள் தலைமுறைக்கு ஊர்வன என்றால் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டு கிடந்த மலைப்பாம்புதான். அது அசைய வேண்டுமென்று கண்ணாடியில் தட்டினோம்.

இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வளரும் பிள்ளையும் கனடாவிலிருக்கும் மச்சாளின் பல்லியைத் திரையில் பார்த்து அதேபோல ஒன்று கேட்கிறது. முற்றம் போய்விட்டது, நாய் வளர்க்க நிர்வாகம் விடாது, தொட்டிக்குள் ஒரு பல்லி என்றால் இடம் காணும் என்று பெற்றோரும் நினைக்கிறார்கள். அந்த ஆசையில் எனக்கு மதிப்பு இருக்கிறது. ஈர்க்குச் சுருக்கோடு அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். ஆனாலும் கொழும்பில் வேண்டாம் என்றுதான் நான் சொல்லுவேன்.

ஸ்காபரோவில் வேலை எல்லாம் சூடாக்குவது. கொழும்பிலோ பகலில் 30 பாகை தானாகவே இருக்கிறது, காற்றுத்தான் பகை. கடலோரத்தில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் நூற்றுக்கு 70க்கு மேல். அந்தப் பல்லிக்கு வேண்டியது 30, 40. ஈரக் காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் மூச்சு நோயும் தோல் நோயும் வரும். பாலைவனத்தில் இரவு குளிரும், வெள்ளவத்தையில் இரவும் புழுங்கும். பூச்சிக்கு எங்கே போவது? சமையலறைக் கரப்பானைப் பிடித்துக் கொடுக்க முடியாது, அது எந்த மருந்தைத் தின்றதோ தெரியாது. மின்சாரம் இன்னொரு கவலை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. வெளிச்சத்தையும் சூட்டையும் கருவியால் வாங்கும் ஒரு உயிரை அந்த நாட்களில் ஒருவர் எப்படிக் காப்பாற்றியிருப்பார்?

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தப் பல்லி எப்படி இங்கே வந்தது என்பது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஊர்வனவற்றை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அனுமதியில்லாத வழி எது என்று சென்னை விமான நிலையத்தைப் பார்த்தால் விளங்கும். பாங்கொக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் பல்லி, ஆமை, பாம்பு என்று சுங்க அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கைப்பற்றுகிறார்கள். அவற்றிற் பல பயணத்திலேயே செத்திருக்கும். அவுஸ்திரேலியாவின் தாடி ஓணானின் கதையும் அதுதான். அந்த நாடு தன் காட்டுப் பிராணிகளின் வணிக ஏற்றுமதியை 1960களிலேயே மூடியது. இன்று உலகமெங்கும் வீடுகளில் இருக்கும் தாடி ஓணான்கள், அதன்பிறகு கடத்தப்பட்டவற்றின் வம்சம் என்றே கருதப்படுகின்றன.

கடத்தல் எதிர்த்திசையிலும் நடக்கிறது. இலங்கைக்கு மட்டுமே உரிய கொம்பு ஓணான்களும் மலைக்காட்டு ஓணான்களும் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் தொட்டிகளுக்குப் போயின. அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை நாடுகள் இதைப் பற்றிப் பேசக் கொழும்பில்தான் கூடுவதாக இருந்தது. 2019 மே 23இல் மாநாடு தொடங்க வேண்டும். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனைத் தெருக்களில் வீட்டுக்கு வீடு வெள்ளைக் கொடி கட்டிய நாட்கள் அவை. அந்தத் துயரத்தின் நடுவே ஓணானைப் பற்றி யார் நினைப்பது? மாநாடு ஜெனீவாவுக்கு மாறி ஓகஸ்டில் நடந்தது. நக்கிள்ஸ் மலையின் இலைக்கொம்பு ஓணானும் நட்சத்திர ஆமையும் அங்கே முதலாம் பட்டியலில் சேர்ந்தன. காட்டிலிருந்து பிடித்தவற்றை நாடுகளுக்கிடையே வணிகம் செய்ய இனி அனுமதி இல்லை. ஈர்க்குச் சுருக்கு மாட்டிய அதே குடும்பத்துப் பிராணிக்கு இந்தத் தீவு உலக சபையில் பாதுகாப்புக் கேட்டுப் பெற்றது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் நடந்தவற்றில் என்னை அதிகம் மகிழ்விப்பது இதுதான்.

கேட்ட பிள்ளைக்கு என்ன சொல்வது? எங்கள் குளியலறைச் சுவர்களில் அலையும் புள்ளிப் பல்லிக்கும் ஒரு கொழும்பு வரலாறு உண்டு. தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல 1953இல் அதற்குப் பெயரிட்டார். வேறோர் இனத்தின் கிளை என்று எண்ணப்பட்டது 2010இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. மின்குமிழுக்குக் கீழே எந்தப் பல்லி எந்த மூலையைக் காக்கிறது, எப்போது வாலை ஆட்டுகிறது, எங்கே முட்டை இடுகிறது என்று ஒரு பிள்ளை கொப்பியில் எழுதத் தொடங்கினால் ஒரு வருடம் போதாது. இதற்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம், அனுமதிப் பத்திரமும் வேண்டாம்.

ஏற்கெனவே ஒன்றை வாங்கிவிட்டவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: சலித்துப்போனாலும் சட்டத்துக்குப் பயந்தாலும் அதை வெள்ளவத்தை வாய்க்காலோரம் விட்டுவிடாதீர்கள். இப்படி விடப்பட்ட சிவப்புக் காது ஆமைகள் கொழும்பின் சதுப்பு நீரில் ஏற்கெனவே திரிகின்றன. சிறுத்தைப் பல்லியோ அந்த ஈரத்தில் மெல்ல மெல்லச் சாகும். பதினைந்து இருபது வருடம் வாழக்கூடிய பிராணி அது. வனசீவராசிகள் திணைக்களத்துக்குத் தகவல் கொடுங்கள். அவர்கள் வரும்வரை தண்ணீர் வையுங்கள், தொட்டி மூடியில் காற்றுப் போக இடம் விடுங்கள், அறையை ஈரமில்லாமல் வைத்திருங்கள், தொடாதீர்கள்.