உங்களுக்குத் தெரியுமா? ஆப்கன் ஏற்காத எல்லை

ஐ.நா. சபையில் பாகிஸ்தானைச் சேர்க்கக் கூடாது என்று 1947 செப்டம்பரில் ஒரே ஒரு நாடு வாக்களித்தது. இந்தியா அல்ல, ஆப்கானிஸ்தான்! அடுத்த மாதமே அந்த எதிர்ப்பை விலக்கிக்கொண்டாலும், சண்டைக்குக் காரணமான, இரு நாடுகளையும் பிரிக்கும் டுராண்ட் கோடு அப்படியே இருக்கிறது.

பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலர் மார்ட்டிமர் டுராண்டும் ஆப்கன் அமீர் அப்துர் ரஹ்மான் கானும் 1893 நவம்பர் 12 அன்று காபூலில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அமீருக்கு பிரிட்டிஷார் தந்துவந்த ஆண்டுத் தொகை 12 லட்சம் ரூபாயிலிருந்து 18 லட்சமானது. சுமார் 2,600 கி.மீ. நீளக் கோடு பஷ்தூன் மக்களை இரண்டாகப் பிரித்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

நிர்ப்பந்தத்தில் போட்ட கையெழுத்து என்பது காபூலின் வாதம். பிரிட்டனிடமிருந்து முறைப்படி வந்த எல்லை என்பது பாகிஸ்தானின் பதில். 1961-ல் உறவு முறிந்து எல்லை மூடப்பட்டபோது அடிபட்டது ஆப்கன் பழ வியாபாரம். விளைந்த திராட்சையை சோவியத் யூனியனுக்கு விமானத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. ஈரான் மன்னர் ஷா நடுவில் புகுந்து 1963-ல் சமரசம் செய்தார்.

வேடிக்கை என்னவென்றால், 1996-ல் பாகிஸ்தான் ஆதரவோடு காபூலைப் பிடித்த தாலிபானும் இந்தக் கோட்டை ஏற்கவில்லை. 2017 முதல் பாகிஸ்தான் போட்டுவந்த முள்வேலியைத் தாலிபான் வீரர்கள் சில இடங்களில் பிடுங்கியெறிந்தார்கள். 2025 அக்டோபரில் இரு நாட்டுப் படைகளும் எல்லையில் மோதின. கத்தாரும் துருக்கியும் தலையிட்ட பிறகே தோஹாவில் போர் நிறுத்தம் வந்தது.