மணற்களத்தில் மந்திரவாதி… ஒரு நிமிடச் சண்டைக்கு ஒரு மணி நேரம்! தெரியுமா?

கட்டம் போட்ட ஒரு தாள், கை நிறையப் பகடை, சுற்றிலும் நாலைந்து நண்பர்கள். முதலீடு இவ்வளவுதான்! இதை வைத்தே வாள்வீரனையும் மந்திரவாதியையும் மோதவிட்டுப் பெரிய போட்டித்தொடரே நடத்திவிடுகிறார்கள். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் கொண்டுவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு ஏற்றிவிட்ட பித்து இது. நடுவர், கதைசொல்லி, எதிராளி எல்லாமே ‘டன்ஜன் மாஸ்டர்’ என்கிற ஒரே ஆள். அவர் நடத்தும் களத்துக்குள் எட்டிப் பார்ப்போமா?

● ‘அரீனா’ என்றால் என்ன தெரியுமா? மணல்! லத்தீனில் அதுதான் பொருள். ரோமானியர்கள் இரத்தத்தை உறிஞ்சச் சண்டைக்களத்தின் தரையில் மணல் பரப்பினார்கள். தரையின் பெயரே களத்தின் பெயராகிவிட்டது.

● 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி ஒரு சுற்று என்பது வெறும் 6 வினாடி. எல்லோரும் வெட்டுவதும் குத்துவதும் ஓடுவதும் அதற்குள்தான்! பத்துச் சுற்றுச் சண்டை கதைக்குள் ஒரே நிமிடம். ஆனால் யோசித்து, உருட்டி, கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் மேசையில் ஒரு மணி நேரம்கூட ஓடிவிடும்.

● அடி விழுமா, தவறுமா என்று தீர்மானிப்பது 20 முகப் பகடை. இது நேற்று வந்த பொருள் என்றா நினைத்தீர்கள்? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பழைய எகிப்தின் 20 முகப் பகடை ஒன்று இருக்கிறது. முகத்துக்கு ஒரு கிரேக்க எழுத்து!

● ஒரு பகடையில் 20 விழும் வாய்ப்பு 5 சதவீதம். எதிராளி தடுக்கி விழுந்து கிடக்கிறான், நீங்கள் பக்கத்திலேயே நிற்கிறீர்கள் என்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு 9.75 சதவீதமாக எகிறும். அதனால்தான் முதலில் தள்ளிவிடு, பிறகு வெட்டு!

● ரோமின் கொலோசியத்தில் களம் சுமார் 83 மீட்டர் நீளம். கட்டத்துக்கு 5 அடி என்ற வழக்கமான கணக்கில் வரைந்தால் ஏறக்குறைய 54 கட்டம். ஓர் அங்குலக் கட்டமானால் நாலரை அடி மேசை வேண்டும்! ஒரு முனையில் நிற்கும் வாள்வீரன் தலைதெறிக்க ஓடினாலும் மறுமுனையைத் தொட ஐந்து சுற்று. அதற்குள் வில்லாளி அவனைச் சல்லடையாக்கிவிடுவான். சிறிய களம், நடுவில் நாலு தூண்! சமமான சண்டைக்கு அதுதான் வழி.

● ரொம்பவும் சுருக்கினால் அது வேறு ஆபத்து! மந்திரவாதியின் தீப்பந்து 20 அடி ஆரத்துக்கு வெடிக்கும். 40 அடி அகல வட்டக் களத்தின் நடுவில் அதை வீசினால் எதிரியோடு வீசியவரும் கருகுவார். சேதம்? எட்டு ஆறுமுகப் பகடையின் கூட்டுத்தொகை. 8 முதல் 48 வரை!

● ‘தோற்றால் வெளியே’ என்ற முறையில் 16 பேர் மோதினால் எத்தனை ஆட்டம்? அட்டவணையே வேண்டாம், 15! ஆட்டத்துக்கு ஒருவர் தோற்பார். ஒருவரைத் தவிர எல்லோரும் தோற்றாக வேண்டும். தோற்றவர் கொட்டாவி விடாமலிருக்க அடுத்த எதிராளியை ஆட்டிவைக்கும் வேலையை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். பழிதீர்க்கும் வெறியோடு ஆடுவார்!

● தோற்றால் சாவுதானா? இல்லை! கைக்கெட்டும் தூரத்தில் அடித்துச் சாய்ப்பவர், கொல்லாமல் மயக்கமடைய மட்டும் செய்யலாம் என்று விதியே இருக்கிறது. ரோமிலும் தோற்றவர் பலர் பிழைத்துப்போனார்கள். மன்னிப்புக்கே இடமில்லாத சண்டைகளைப் பேரரசர் அகஸ்டஸ் தடைசெய்தார்.

● 1991-ல் இதே விளையாட்டுக்காக வந்த ‘டார்க் சன்’ என்ற கற்பனை உலகம் மட்டும் ஈவிரக்கமற்றது. உலோகமே அரிது, ஆயுதமெல்லாம் எலும்பும் கல்லும் மரமும். கிளாடியேட்டர் என்று தனிப் பாத்திர வகையே உண்டு. சாவு மலிந்த உலகம் என்பதால் ஒவ்வொருவரும் நான்கு பாத்திரங்களைக் கைவசம் வைத்திருக்கச் சொன்னார்கள்!

● இறுதிப் போட்டியில் இருவரும் ஒரே சுற்றில் சரிந்தால் கோப்பை யாருக்கு? இதற்கு ரோமிலேயே தீர்ப்பு இருக்கிறது. பிரிஸ்கஸ், வேரஸ் என்ற இருவர் வெகுநேரம் மோதியும் யாரும் ஜெயிக்கவில்லை. பேரரசர் டைட்டஸ் இருவருக்குமே வெற்றியின் பனையோலையையும் விடுதலையின் மரவாளையும் அனுப்பிவைத்தார். கவிஞர் மார்ஷியல் பதிவு செய்த சண்டை இது. அந்த டைட்டஸ் இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பவர் உங்கள் டன்ஜன் மாஸ்டர். பகடை கைவிட்ட இடத்தில், தீர்ப்பு அவர் கையில்!