கோடு கீறும் கத்தி

பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கென்று வளர்க்கப்பட்டு, மிளகுக் கொடிக்கும் கொழுகொம்பாய் நிற்கும் சில்வர் ஓக் மரம், கிழக்கு ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்டதாயினும், இன்று இம்மலைக்கே உரியதுபோல் ஆகிவிட்டது. அறுத்த பலகையில் திட்டுத் திட்டாய் மின்னும் ரேகைதான் அதன் சௌந்தரியம். தச்சருக்குச் சங்கடமும் அதுவே. மூட்டுத் துளைக்குள் நுழையும் கழுந்தின் தோளைக் குறிப்பதற்காக, ஊசியால் கோடு கீறும் மார்க்கிங் கேஜை ரேகைக்குக் குறுக்கே இழுத்தால், அதன் ஊசி நாரை அறுக்காமல் பிய்த்துக்கொண்டே போகும்.

ஊசி இருக்கும் இடத்தில் சிறு கத்தியை வைத்ததுதான் கட்டிங் கேஜ். சுமார் எட்டங்குல நீளமுள்ள தண்டு, அதன்மேல் நகரும் தலைக்கட்டை, தலைக்கட்டையை இறுக்கும் ஆப்பு, தண்டின் நுனியில் அலகு, உறுப்புகள் இவ்வளவே. சூட்சுமமெல்லாம் அலகில் இருக்கிறது. பழைய ஆக்ஸா பிளேடின் துண்டைச் சூடேறிவிடாதபடி தண்ணீரில் நனைத்து நனைத்துச் சாணை பிடித்து, ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டி, அச்சரிவு தலைக்கட்டையைப் பார்க்கும்படி பொருத்தவேண்டும். அப்போது மரம் அலகை வெளிப்புறமாகத் தள்ளுவதால், தலைக்கட்டை பலகையின் விளிம்போடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். கழிவு போக மிஞ்சும் பக்கத்தில் கோட்டின் சுவர் செங்குத்தாக நிற்கும். மெல்லிய வெனீரிலிருந்து பட்டை அறுப்பதானால், வேண்டிய பாகம் தலைக்கட்டையின் பக்கமே இருப்பதால், அலகைத் திருப்பிப் போடுவது அவசியம்.

கொடைக்கானலோ ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் மஞ்சு தவழும் ஊர். ஈரத்தை உறிஞ்சும் மரம் நீளவாக்கில் அநேகமாக வளராது, குறுக்கேதான் பருக்கும். ஆகையால் வத்தலக்குண்டின் வெயிலில் கச்சிதமாக இழைத்துப் பொருத்திய தண்டு, ஐப்பசி மழையில் மேலே கொண்டுபோனதும் துளைக்குள் சிக்கி நகர மறுக்கும். காகிதக் கனத்துக்கு இடைவெளி விட்டுச் செய்து, அந்தத் தளர்வை ஆப்பினிடம் ஒப்படைப்பதே உசிதம். தண்டுக்கும் தலைக்கட்டைக்கும் நன்றாக உலர்ந்த ஈட்டித் துண்டு கிடைத்தால் அதைவிட மேலானது வேறில்லை.

கடையில் வாங்க விரும்புகிறவர்கள், பித்தளையின் பளபளப்பில் மனத்தைப் பறிகொடுக்காமல், தலைக்கட்டையை இறுக்கியபின் அது அசைகிறதா என்று பார்த்து, ஒரு கழிவுத் துண்டில் ரேகைக்குக் குறுக்கே இழுத்துப் பரீட்சித்த பிறகே பணத்தைக் கொடுக்கவேண்டும்.